படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கால்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முப்பது வருடமாகச் செய்தித்தாள் வாங்குகிறோம், ஆனால் ஆசிரியருக்குக் கடிதம் என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துப் படியுங்கள்.

வருகிற ஆடி வந்தால் அம்மா இறந்து ஒரு வருடம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்கலாம் என்று பெரியக்கா மகன் சொன்னான். அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான். தம்பி இருந்திருந்தால் தம்பி வைத்திருப்பான். சரி, விளம்பரத்துக்குப் படம் வேண்டுமே என்று தேடியபோதுதான் தெரிந்தது, எண்பது வயது வாழ்ந்த மனுஷிக்கு எங்களிடம் இருந்த முகப்படம் எல்லாம் சர்க்கார் எடுத்தவை. ரேஷன் கார்டில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று. மூன்றிலும் அம்மா யாரோ அதட்டியதுபோல் விறைத்துப்போய்ப் பார்க்கிறாள்.

கருமாதிக்கு மாட்டிய படம்கூட அந்த ஆதார் படத்தைப் பெரிதாக்கியதுதான். ஸ்டுடியோவில் கழுத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் ஒரு பட்டுப்புடவையையும் இரட்டை வடச் சங்கிலியையும் ஒட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பையனைக் குறை சொல்லமாட்டேன், எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் போன பிறகாவது நல்ல துணியில் இருக்கட்டும் என்ற ஆசைதான் அது. ஆனால் படத்தைச் சுவரில் மாட்டி மாலை போட்டதும் என் பேத்தி, நாலு வயது, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "இது யாரு?" என்று கேட்டாள். அம்மாவின் மடியிலேயே வளர்ந்த குழந்தை அது. எனக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

அப்புறம் பெரியக்காவும் நானும் அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தோம். பட்டாக் காகிதம், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, எங்கள் மூன்று பேருடைய ஜாதகம், இவற்றுக்கு அடியில் ஒரு மஞ்சள் பையில் சுற்றி ஒரே ஒரு கலர் போட்டோ இருந்தது. 1989 பொங்கலுக்கு எடுத்தது. பெங்களூரில் வேலைபார்த்த பெரியம்மா மகன் ஒரு யாஷிகா கேமரா கொண்டுவந்திருந்தார், ஒரு ரோல் போட்டால் 36 படம், அந்த 36-ம் பெரும்பாலும் மாட்டுக்கும் ஆண்களுக்கும் போய்விட்டது. அம்மாவை அவர் கேட்டு எடுக்கவில்லை, அடுப்படியைத் தாண்டிப் போகும்போது சும்மா அமுக்கியிருக்கிறார்.

படத்தில் அம்மா களி கிண்டிக்கொண்டிருக்கிறாள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொன்னாலே போதும், மற்ற மாவட்டக்காரர்களுக்காகச் சொல்கிறேன். உலை கொதித்ததும் நொய்யைப் போட்டு, நொய் வெந்ததும் ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்பின் காம்பால் நடுவில் குழி போட்டு மூடிவைப்பார்கள். மாவு வெந்த வாசனை வரவேண்டும், அது மூக்குக்குத்தான் தெரியும், கணக்குக் கிடையாது. பிறகு பானையை இறக்கி, அது ஆடாமல் இருக்கக் கவைக்கோலை வைத்து அழுத்தி, கோலின் இரண்டு முனையையும் காலால் மிதித்துக்கொண்டு கிண்டவேண்டும். வீட்டில் எட்டுப் பேருக்கு என்றால் அது சாதாரண வேலை இல்லை, தோள் இறங்கிவிடும். படத்தில் அம்மாவின் அந்த மிதித்த கால்கள் தெளிவாகத் தெரிகின்றன. கால்விரல் மெட்டி தெரிகிறது. கைவிரல்கள் கறுத்திருப்பது தெரிகிறது, அது தை மாதத்துப் புளி. எங்கள் பக்கம் பொங்கலோடு புளி உலுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஓடு நீக்கி, நார் எடுத்து, சின்ன இரும்பால் தட்டிக் கொட்டை எடுக்கிற வேலை முழுக்கப் பெண்களுடையது, வெயில் காலம் முடியும்வரை விரலில் அந்தக் கறை போகாது. பின்னால் சுவர், கீழே செம்மண் பட்டை, மேலே சுண்ணாம்பு. எரவாணத்தில் காப்புக் கட்டிய வேப்பிலையும் பூளைப்பூவும். இவ்வளவும் ஒரு படத்தில்.

முகம் மட்டும் பாதிதான். கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். கண் சிரிக்கிறது, வாய் தெரியவில்லை.

ஏன் மூடினாள் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. ஆழ்துளைக் கிணறு போட்டுக் குடித்த தலைமுறைகளுக்குப் பல்லில் காவிக் கறை ஏறிவிட்டது. பால்பல் விழுந்து முளைக்கிறபோதே கறையோடு முளைக்கும், எந்தப் பற்பொடியும் தீர்க்காது. முற்றினால் எலும்பையும் பிடிக்கும், முட்டி மடங்காமல் நடந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். நீங்கள் வேண்டுமானால் எங்கள் பக்கத்துப் பழைய கல்யாண ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள், யாரும் வாய் திறந்து சிரித்திருக்கமாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் கோபக்கார ஜனங்கள் என்று நினைப்பார்கள். கோபம் இல்லை, கூச்சம். பெண் பார்க்க வந்தபோது நான் வாயே திறக்கவில்லை என்று மாமியார் அடக்கமான பெண் என்று சொன்னாராம். எனக்கும் கறைதான்.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு கட்டினார்கள். குழாயில் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை, அந்தக் குறைகளை வேறொரு கடிதத்தில் எழுதுகிறேன். நான் சொல்ல வருவது, அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் படங்களில் பல் தெரிகிறது. என் மகள் செல்போனில் அனுப்பும் படங்களை அம்மா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பல்லு எவ்ளோ வெள்ளையா இருக்குது பாரேன் புள்ளைக்கு" என்று மறுபடி மறுபடி சொல்வாள். கொள்ளுப்பேத்தியின் மூக்கையோ கண்ணையோ பற்றிச் சொன்னதில்லை. பல்லைத்தான் சொல்வாள்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனோம். இடது ஓரத்தில் என்னவோ இடிக்கிறது, அதை வெட்டிவிட்டு அம்மாவை மட்டும் பெரிதாக்கட்டுமா என்று அங்கே கேட்டார்கள். பார்த்தால் ஒரு பையனுடைய முழங்கால். காக்கி டிரவுசர், முழங்காலில் ஆறிய புண், அவ்வளவுதான் சட்டத்துக்குள் இருக்கிறது, மீதி வெளியே.

அது என் தம்பி. களி எப்போது இறங்கும் என்று அடுப்படி வாசலில் குந்தியிருந்தான், அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அந்தப் புண் கன்றுக்குட்டி இழுத்துவிட்டதில் விழுந்தது. 2004-ல், இருபத்து நாலு வயதில், தொப்பூர் கணவாயில் லாரி விபத்தில் போய்விட்டான், லாரியில் கிளீனர் வேலை. அவனுக்கு என்று ஸ்கூல் குரூப் போட்டோ ஒன்றும் அடையாள அட்டைப் படம் ஒன்றும் இருக்கின்றன, இரண்டிலும் வாயை இறுக மூடி நிற்கிறான். அம்மா முப்பத்தைந்து வருடம் இந்தப் படத்தைப் பெட்டியில் பூட்டிவைத்தது தன்னைப் பார்த்துக்கொள்ள இல்லை என்று எனக்கு ஸ்டுடியோவில் நிற்கும்போதுதான் புரிந்தது. ஓரத்தை வெட்டவேண்டாம் என்றேன்.

அக்காவும் நானும் போன பிறகு இந்தப் படம் யார் கையில் கிடைத்தாலும் அந்த முழங்காலை வெட்டித்தான் போடுவார்கள். வெட்டுகிறவர்கள் மேல் தப்பு இருக்காது, அது யாருடையது என்று எங்கேயும் எழுதியிருக்காதே.

ஐயா, எங்கள் மாவட்டம் செய்தித்தாளில் எப்போதெல்லாம் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். வறட்சி என்றால் வரும், தொப்பூரில் வண்டி கவிழ்ந்தால் வரும், ஒகேனக்கல்லில் வெள்ளம் கூடிப் பரிசலுக்குத் தடை போட்டால் வரும். ஒரு காலத்தில் பெண்சிசுக் கொலைக்காக வந்தது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்து, 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்கள், அந்த அளவுக்கு எங்கள் பெயர் கெட்டிருந்தது. அவை எழுதவேண்டிய செய்திகள்தான், மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் நான் எங்கள் வீட்டில் மூன்றாவது பெண். 1971-ல் பிறந்தேன். என்னைப் பார்க்க வந்த கிழவிகள் என்ன பேசினார்கள் என்பதை அம்மா என்னிடம் கடைசிவரை முழுதாகச் சொல்லவில்லை. பிறந்த வீட்டிலேயே மூன்று மாதம் என்னை வைத்துக்கொண்டு இருந்தாள், அப்பா வந்து கூப்பிட்ட பிறகுதான் போனாள். போதும்பொண்ணு என்று பெயர் வைக்கச் சொன்னார்களாம். "எம் புள்ளைக்கு அந்தப் பேரு வெக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். படிக்காதவள், யாரையும் எதிர்த்துப் பேசாதவள், அந்த ஒரு இடத்தில் பேசியிருக்கிறாள். இப்படிப் பெண்பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றிய தாய்மார்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், அவர்கள் யாருடைய முகமும் எந்தப் பத்திரிகையிலும் வந்து நான் பார்த்ததில்லை.

படமே இல்லாதவையும் இருக்கின்றன. தம்பியின் பதினாறாம் நாள் ராத்திரி எங்கள் ஊரில் கர்ண மோட்சம் கூத்து வைத்தோம். எங்கள் பக்கம் காரியத்துக்கு அந்தக் கூத்துதான் ஆடுவார்கள், கர்ணனுக்குக் கிடைத்த மோட்சம் இவனுக்கும் கிடைக்கட்டும் என்று. நடுநடுவே கட்டியங்காரன் நிறுத்தி, காலஞ்சென்ற இன்னாரின் நினைவாக இன்ன மாமா இத்தனை ரூபாய் என்று சொல்ல, தம்பி பெயரை அன்றைக்கு ஐம்பது தடவையாவது சத்தமாகக் கேட்டோம். அம்மா முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள், பதினாறு நாளாக அழவே இல்லை, கல்லாட்டம் இருந்தாள். விடிகிற நேரம், களத்தில் விழுந்த கர்ணனைக் குந்தி மடியில் போட்டு, ஐயோ இவன் என் பிள்ளை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லி ஒப்பாரி வைக்கிற இடம். குந்தி வேஷம் கட்டியவர் ஐம்பது வயது ஆம்பிளை. அவர் பாடும்போது அம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கூடவே பாடத் தொடங்கிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. மத்தளக்காரர் மட்டும் அடியைக் குறைத்துக்கொண்டார். கர்ணனாகப் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடந்தார், பாட்டு முடிந்து அம்மாவே எழுந்து போகிறவரைக்கும். அந்தக் கலைஞர்கள் அன்றைக்கு எங்களுக்குச் செய்ததற்கு நான் எந்த ஜென்மத்தில் நன்றி சொல்ல.

அம்மாவின் காரியத்துக்குக் கூத்து வைக்கவில்லை. ஆட்கள் கிடைக்கவில்லை என்றார்கள், செலவு என்றார்கள், ஃபிளெக்ஸ் வைத்தோம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று. அப்பா இறந்த அடுத்த வருடம் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போயிருந்தோம். சுமங்கலிகள் ஆற்றங்கரையில் மஞ்சள் கயிறு மாற்றுவார்கள், அக்காமார் இரண்டு பேரும் நானும் தண்ணீர் ஓரத்தில் வெற்றிலை, காதோலை கருகமணி, பழம் எல்லாம் பரப்பி நின்றோம். திரும்பிப் பார்த்தால் அம்மா மேலே பாறையில் எங்கள் எல்லோருடைய செருப்பையும் பையையும் காவல் காத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். போன வருடம்வரை எங்களுக்கு முன்னால் நின்றவள். வா என்று கூப்பிட எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வருடம் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றாள், கையைப் பிடித்து இழுத்துவந்து ஆற்றில் விளக்கு விடவைத்தேன். முதல் வருடமே செய்திருக்கவேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்த சின்னக்காவிடம் இதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னாள். மகா சிவராத்திரிக்கு அடுத்து மயானக் கொள்ளையில் அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போகும்போது ஜனங்கள் தானியமும் காசும் காய்கறியும் வாரி இறைப்பார்கள் அல்லவா, அந்த அம்மா வருடம் தவறாமல் கூட்டத்தில் புகுந்து ஒரு பிடி பொறுக்கிவந்து விதைத் தானியத்தோடு சேர்த்துவைப்பாராம். அவருக்கும் ஒரு நல்ல படம் இல்லை.

போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனேன். நடுகற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் கொல்லை வரப்பிலும் அப்படி ஒரு கல் உண்டு, நாங்கள் வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கல் வைப்போம், அது செத்துப்போன ஒரு மனுஷனுக்கு நட்ட கல் என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. பல்லவர் காலத்துக் கல்லில்கூட எந்த ராஜா காலம், யாருடைய மாட்டை மீட்கப் போனான், எப்படி விழுந்தான் என்று வட்டெழுத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லில், வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறதாம். மகேந்திரவர்மன் காலத்துக் கல், 1,400 வருடத்துக்கு முந்தைய நாய், பெயர் இன்றைக்கும் இருக்கிறது. என் அம்மாவைப் பெற்ற அம்மாவின் அம்மா பெயர் என்ன என்று பெரியக்காவைக் கேட்டேன். தெரியவில்லை. தெரிந்திருந்த ஒரே ஆள் போன ஆடியில் போய்விட்டாள்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். வாரம் ஒரு நாள், எந்தப் பக்கமானாலும் சரி, அரைப் பத்தி ஒதுக்குங்கள். வாசகர்கள் வீட்டில் இருக்கும் ஒரு பழைய படமும் அஞ்சாறு வரியும், காசு வாங்காமல். நினைவஞ்சலி விளம்பரத்தைக் குறை சொல்லவில்லை, நாங்களும் கொடுக்கத்தான் போகிறோம், ஆனால் அதில் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள், ஒரே வாசகம், ஒரே தீபம், பணம் இருப்பவர்களுக்குக் கால் பக்கம். நான் கேட்பது அது இல்லை. படத்தில் யார், எந்த ஊர், எந்த வருடம், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், ஓரத்தில் தெரிவது யாருடைய கை. அவ்வளவு போதும். மாங்காய் மண்டியில் கூடையோடு நிற்கும் பெண்ணாக இருக்கட்டும், மாவிளக்குத் தட்டு தூக்கிய அத்தையாக இருக்கட்டும், இறந்த தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்த அந்தக் காலத்துப் படமாக இருக்கட்டும். அதைப் பார்த்து இப்போதைய பிள்ளைகள் பயப்படுகிறார்கள், பலருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே படம் அதுதான் என்று யாராவது எழுதினால் பயப்படமாட்டார்கள்.

பத்திரிகையில் வருகிறது என்றால்தான் ஜனங்கள் பெட்டியைத் திறந்து தேடுவார்கள், கிழவிகளிடம் போய் உட்கார்ந்து இது யாரு, அது யாரு என்று கேட்பார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், என் கல்யாணப் படம் ஒன்று அப்படிப் பாழாயிற்று. ஒட்டுகிற ஆல்பத்தில் இருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள், படத்தோடு கலர் வந்துவிடும், அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே என்று இருக்கவேண்டாம், அவற்றில் ஒன்றிலாவது யார் பெயராவது எழுதியிருக்கிறதா?

முதல் படமாக எங்கள் வீட்டுப் படத்தையே இதனோடு வைத்திருக்கிறேன். கீழே போடவேண்டியது இதுதான்: 1989 மாட்டுப் பொங்கல் அன்று, பென்னாகரம் பக்கம். களி கிண்டுபவர் எங்கள் அம்மா, அன்றைக்கு எட்டுப் பேருக்குக் கிண்டினார், தொட்டுக்கொள்ளக் கொல்லையில் ராகிக்கு நடுவே விளைந்த அவரைக்கொட்டைக் குழம்பு. சிரித்துக்கொண்டிருக்கிறார். இடது ஓரத்தில் இருப்பது அவருடைய மகன், கடைக்குட்டி, முதல் உருண்டை அவனுக்குத்தான் போனது.

ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். படத்தைப் போட்டாலும் போடாவிட்டாலும் மடிக்காமல் அட்டை வைத்துத் திருப்பி அனுப்பிவையுங்கள், அதற்குத் தபால் தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. வேறு பிரதி இல்லை, நெகட்டிவும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.